ராக்கெட் தளத்து வாசலில் எதை எண்ணுகிறார்கள்?

கேள்வி, 29 ஜனவரி 2025
"சீனப் பெருநாள் விடுமுறை. மலேசிய நேரம் காலை 8.53-க்கு ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ராக்கெட்டை வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் எல்லாரும் துப்பாக்கி, வேலி, பாஸ், சோதனை என்றுதான் சொல்கிறார்கள். ஒரு தீவையே பூட்டி வைத்திருக்கிறார்கள். ஐம்பது மீட்டர் உயர ராக்கெட்டை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? எல்லாம் வெறும் பந்தா. மறுக்கிறவர்கள் மறுக்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து."

30 ஜனவரி, காலை
பந்தா இல்லை தம்பி. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 22 வருடமாகக் கதவுக்குக் கார்டு ரீடர் மாட்டுகிறேன், சுழல் கேட் பொருத்துகிறேன், நடுராத்திரியில் அது கெட்டுப்போனால் ஓடிப்போய்ச் சரிசெய்கிறேன். ராக்கெட் தளத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் வாசல் சம்பந்தப்பட்ட எதையும் விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. ராக்கெட் தளத்து வாசல்தான் அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ராக்கெட்டை யாரும் திருட மாட்டார்கள், சரி. நேற்றுப் போன ஜிஎஸ்எல்வியின் அடிப்பாகத்தில் மட்டும் கிட்டத்தட்ட 139 டன் திட எரிபொருள். அது பெட்ரோல் மாதிரி கடைசி நேரத்தில் ஊற்றுவது கிடையாது. முன்னாலேயே வார்த்து இறுகிய கட்டி. ராக்கெட்டை நிறுத்திய நாள் முதல் அது உள்ளேதான் இருக்கிறது; வடித்து எடுக்க வழியில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் நான்கு பூஸ்டரிலும் திரவ எரிபொருள், மூச்சில் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கிற வகை. அந்தத் திட எரிபொருளைத் தயாரிக்கிற ஆலையும் அதே தீவில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சட்டைப்பையில் லைட்டரோடு ஒருவன் சும்மா சுற்றிப்பார்க்க வந்தால் என்ன ஆகும்? இந்திய அரசின் தொழிற்பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப் ஆட்கள் அங்கே நிற்பதற்கு அது ஒன்றே போதும்.

அப்புறம் ரகசியம். ராக்கெட்டும் ஏவுகணையும் அண்ணன் தம்பி. எந்த நாடும் அதன் வயிற்றைத் திறந்து காட்டாது.

ஆக வெளியாளை உள்ளே விடாமல் இருப்பதுதான் வாசலின் முதல் வேலை.

30 ஜனவரி, இரவு
ஒன்று விட்டுப்போனது. நம் ஊர் ஆட்களுக்கு இது புதிதில்லை. கவாசான் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட பகுதி, என்ற அந்தச் சிவப்புப் பலகையைப் பார்க்காத பினாங்குப் பிள்ளை உண்டா? துப்பாக்கி நீட்டும் சிப்பாய், கையைத் தூக்கி நிற்கும் ஆள். 1959-ஆம் வருடச் சட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிப்பேன். ஒரு பலகை, வேலி இல்லாமலேயே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

1 பிப்ரவரி
ஈப்போ நண்பர் கேட்டது நல்ல கேள்வி: தரையில் வேலி போடலாம், கடலில் எப்படி?

கடலில் வேலி கிடையாது. அறிவிப்பு மட்டும்தான். எந்தப் பகுதிக்குள் எந்த நேரத்தில் கப்பல் வரக்கூடாது என்று மாலுமிகளுக்கு எச்சரிக்கை போகும். விமானங்களுக்கு அதே மாதிரி வேறொன்று போகும். அதற்கு மேல் ரேடாரும் ரோந்துப் படகும் பார்த்துக்கொள்ளும். மீறி ஒருவர் உள்ளே வந்துவிட்டால் சுடவா முடியும்? கவுண்ட்டவுனை நிறுத்துவார்கள்.

2014 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் அன்டாரிஸ் ராக்கெட் தயாராக நின்றது. ஆபத்துப் பகுதிக்குள் ஒரு பாய்மரப் படகு வந்துவிட்டது. ஒரே ஒரு படகு. அன்றைக்கு ஏவவில்லை. 2022 ஜனவரி 30 அன்று புளோரிடாவில் இதைவிடப் பெரிய கூத்து. ஹார்மனி ஆஃப் த சீஸ் என்ற சொகுசுக் கப்பல், உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்று, ஆபத்துப் பகுதிக்குள் வந்து நின்றது. ஃபால்கன் ராக்கெட் மறுநாள்தான் போனது.

கடல் வாசலை நான் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். 2019 ஜூலையில் சென்னையில் எங்கள் சித்தப்பா மகள் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு 22-ஆம் தேதி, சந்திரயான்-2 கிளம்புகிற நாள், மாமாவோடு ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டுக்குப் போனேன். மத்தியானம் 2.43-க்கு ஏவுதல். நாங்கள் பதினோரு மணிக்கே போய்விட்டோம். கரையில் படகெல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தது. வலை காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு நல்ல அலை, ஒரு படகும் இறங்கவில்லை. வேலைநாளில் மீனவர் ஊர் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ராக்கெட் எழும்பியது, ஒரு நெருப்புத் துளி, கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள் போய்விட்டது. அது மறைந்த பிறகும் எங்களுக்குச் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. காலடியில் மணல் அதிர்ந்த மாதிரி இருந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

2 பிப்ரவரி
இரண்டு பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பாய்மரப் படகால் அன்டாரிஸ் வெடிக்கவில்லை. படகு வந்தது 27-ஆம் தேதி. ராக்கெட் வெடித்தது 28-ஆம் தேதி, கிளம்பிய சில நொடிகளில், தளத்துக்கு மேலேயே. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 28-ஆம் தேதி தளம் அந்தப் பாடு பட்டும் ஒருவருக்கும் காயம் இல்லை. முதல் நாள் ஒரு படகுக்காக நிறுத்தியவர்கள்தான் மறுநாளும் ஆளில்லாத இடத்தை ஆளில்லாமல் வைத்திருந்தார்கள்.

4 பிப்ரவரி
கிள்ளான் அக்கா சதி பற்றிக் கேட்டிருக்கிறார். எதிரி ஒருவன் தூரத்திலிருந்து சுட்டால்?

அப்படி ஒரு சந்தேகம் உண்மையிலேயே வந்திருக்கிறது. 2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவெரலில் ஆமோஸ்-6 செயற்கைக்கோளோடு நின்ற ஃபால்கன்-9, எரிபொருள் ஏற்றும்போதே வெடித்தது. எஞ்சின்கூடப் பற்றவைக்கவில்லை. காரணம் தெரியாமல் தவித்த நாட்களில், ஸ்பேஸ்எக்ஸ் ஆட்கள் பக்கத்தில் இருந்த போட்டி நிறுவனக் கட்டிடத்தின் கூரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். வீடியோவில் அங்கே ஏதோ நிழல் தெரிந்ததாம். ராணுவத் தரப்பு போய்ப் பார்த்தது, ஒன்றும் இல்லை. கடைசியில் குற்றவாளி ராக்கெட்டுக்குள்ளேயே இருந்தது: திரவ ஆக்சிஜனுக்குள் மூழ்கியிருந்த ஹீலியம் தொட்டி.

எனக்குத் தெரிந்தவரை வாசல்காரர்கள் எல்லாருக்கும் இந்த நோய் உண்டு. எது நடந்தாலும் முதலில் வெளியே பார்ப்போம்.

இதை எழுதும்போதுதான் என் முதல் குறிப்பு உறுத்துகிறது. ஆமோஸ்-6 வெடித்தது ஏவுகிற நாளில் இல்லை. அது இரண்டு நாள் முன்னால் நடந்த சோதனை. சோதனைதானே என்று பத்துப் பேரை ராக்கெட் அடியில் நிற்க விட்டிருந்தால் பத்து சாவு. ஒருவரும் சாகவில்லை. எரிபொருள் ஏற்றுவதற்கு முன்பே எல்லாரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள், அனுப்பியதை எண்ணியும் பார்த்திருந்தார்கள். வெளியாளைத் தடுப்பதுதான் முதல் வேலை என்று எழுதினேனே, அது தப்பு. நாளை எழுதுகிறேன். இன்று ஷிஃப்ட் முடிந்து கை நடுங்குகிறது.

5 பிப்ரவரி
கொஞ்சம் நீளமாகப் போகும்.

1981 மார்ச் 19. கொலம்பியா விண்ணோடம், முதல் பயணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ தளத்தில் ஒத்திகை முடிந்திருந்தது. எஞ்சின் இருக்கும் பின்பகுதியில் தீப்பிடிக்காமல் இருக்கக் காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பியிருந்தார்கள். வேலைக்குப் போகலாம் என்று அனுமதி வந்தது. நைட்ரஜன் இன்னும் உள்ளே இருக்கிறது என்பது அந்த அனுமதியோடு வரவில்லை. உள்ளே போன தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் விழுந்தார்கள். ஒருவர் அன்றே இறந்தார். இன்னொருவர் சில நாள் கழித்து மருத்துவமனையில்.

அவர்களில் ஒருவரும் வேலி தாண்டி வந்தவர் இல்லை. எல்லாரிடமும் சரியான அட்டை இருந்தது. கேட் அவர்களை உள்ளே விட்டது, விட வேண்டியவர்கள்தான். வாசல் தவறியது வேறு இடத்தில்: உள்ளே இப்போது என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்ற இரண்டு கணக்கும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இல்லை.

நைட்ரஜன் என்றால் எனக்குப் பயம். பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கிற இடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், சுவர் நெடுக அந்தக் குழாய்தான் ஓடும். நிறம் இல்லை, வாசனை இல்லை, மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராது. இரண்டு மூச்சு, அவ்வளவுதான். ஆக்சிஜன் அளவுமானி கத்தினால் என்ன ஏது என்று பார்க்காமல் ஓட வேண்டும் என்று எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார் ஒரு சீன சூப்பர்வைசர். அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னும் பழைய கதை, 1960 அக்டோபர் 24, சோவியத் ஏவுதளம் பைக்கனூர். ஆர்-16 ஏவுகணை எரிபொருளோடு நிற்கிறது, கோளாறு. வெளியேற்ற வேண்டிய ஆட்களை வெளியேற்றவில்லை, அவசரம். ஏவுகணைப் படைத் தலைவர் மார்ஷல் நெடெலின் நாற்காலி போட்டு ஏவுகணைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய அதிகாரியே அங்கே இருக்கும்போது எந்தக் காவலாளி மற்றவர்களைப் போகச் சொல்வான்? இரண்டாம் கட்ட எஞ்சின் தானாகப் பற்றியது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள், நெடெலின் உட்பட. அந்த ஏவுகணையை வடிவமைத்த யாங்கெல் சிகரெட் பிடிக்கப் பதுங்கறைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். சோவியத் அரசு 1989 வரை இதை மூடிவைத்திருந்தது.

2003 ஆகஸ்ட் 22, பிரேசிலின் அல்கான்டாரா. ஏவுவதற்குச் சில நாள் இருந்தது. திட எரிபொருள் மோட்டார் ஒன்று தானாகப் பற்றியது, தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த 21 பேர் போனார்கள். நம் ஸ்ரீஹரிகோட்டாவிலும் 2004 பிப்ரவரி 23 அன்று திட எரிபொருள் பிரிவில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். எல்லாரும் உள்ளாட்கள்.

இப்போது என் கதை. 2011. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. முன்வாசலில் நான்தான் சுழல் கேட் போட்டேன்: உள்ளே போக ஒரு ரீடர், வெளியே வர ஒரு ரீடர். சரக்கு இறக்கும் பின்வாசலில் உள்ளே போக மட்டும் ரீடர் போதும், வெளியே வர எதற்கு, செலவு என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு சாயங்காலம் கரைப்பான் வைக்கும் அலமாரியிலிருந்து புகை. எல்லாரும் லோரி நிறுத்துமிடத்தில் கூடினோம். கணினி சொன்னது, உள்ளே இருந்தவர்கள் 187. எண்ணிப் பார்த்தால் 186.

பொம்பா (தீயணைப்பு) ஆட்கள் உள்ளே போனார்கள். வெளியே வந்து காற்றுக் குப்பியை மாற்றிக்கொண்டு இரண்டாவது தடவையும் போனார்கள். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு மலாய்ப் பையன் முகமூடியைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அந்த 187-ஆவது ஆள் பின்வாசல் வழியாக லோரியோடு வெளியே போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் தட்டுவதற்கு அங்கே ரீடர் இல்லை.

இல்லாத ஒருவரைத் தேடி அந்தப் பையன் இரண்டு தடவை புகைக்குள் போனான். அவன் திரும்பி வராமல் போயிருந்தால் நான் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன்.

அதனால்தான் தம்பி, ராக்கெட் தளத்து வாசலைப் பார்க்கும்போது எனக்குத் துப்பாக்கி கண்ணில் படுவதே இல்லை. அங்கே ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார், அவரைத்தான் நான் தேடுகிறேன்.

6 பிப்ரவரி
இல்லை, துப்பாக்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈப்போ நண்பர் கோபப்பட வேண்டாம்.

8 பிப்ரவரி
கொஞ்சம் மூச்சு விடுவோம். எந்த பாஸும் இல்லாமல் உள்ளே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

1995-இல் டிஸ்கவரி விண்ணோடம் தளத்தில் நிற்கும்போது மரங்கொத்திகள் வெளித் தொட்டியின் நுரைப் போர்வையில் கூட்டுக்காகத் துளை போட்டன. ஒன்றிரண்டு இல்லை, இருநூறு வாக்கில். ஜூன் மாதம் போக வேண்டிய பயணம் ஜூலை 13-க்குத் தள்ளிப்போனது. அப்புறம் பிளாஸ்டிக் ஆந்தைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கென்னடி மையத்தைச் சுற்றி இருப்பதே வனவிலங்குச் சரணாலயம்தான், முதலை எல்லாம் உண்டு. மனிதனுக்கு மூடிய நிலத்தில் அவை நிம்மதியாக வாழ்கின்றன.

பாயான் லெப்பாஸில் எனக்கு உடும்பு. பின்வேலி அசைவு உணரி இரவெல்லாம் அடிக்கும், போனால் ஓர் உடும்பு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மலேசியச் செயற்கைக்கோள் ராசாக்சாட் 2009 ஜூலையில் எங்கிருந்து போனது தெரியுமா? பசிபிக் நடுவில் குவாஜலின் பவழத்தீவு வட்டத்தில் ஒமெலெக் என்ற பொட்டுத் தீவு. ஃபால்கன்-1 ராக்கெட்டின் ஐந்தாவது, கடைசிப் பயணம் அது. சுற்றிலும் கடல், அமெரிக்க ராணுவம், மூன்றாவது மனிதன் நெருங்க முடியாது. ஆனால் 2006-இல் அதே தீவிலிருந்து போன முதல் ஃபால்கன்-1 விழுந்ததற்குக் காரணம் எரிபொருள் குழாயில் அரித்துப்போன ஓர் அலுமினிய நட்டு. பத்து ரிங்கிட் பெறுமா? கடலோரக் கம்பெனியில் என் ரீடர் டப்பாவைத் திறந்து பச்சை பூத்த இணைப்பைச் சுரண்டும்போதெல்லாம் அந்த நட்டை நினைத்துக்கொள்வேன்.

12 பிப்ரவரி
நேற்றுத் தைப்பூசம். தண்ணீர்மலை போய்வந்து கால் வலி.

படியேறும்போது இந்தக் கேள்வி-பதில் இழைதான் மனதில் ஓடியது. லட்சக்கணக்கில் ஆட்கள், கேட் இல்லை, அட்டை இல்லை, எண்ணுவார் இல்லை. காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், தண்ணீர்ப் பந்தலில் யாரோ பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள், அம்மா ஓடி வருகிறாள். முழுக்கத் திறந்த இடத்துக்கு இந்த முறை சரியாக வருகிறது. முழுக்க மூடிய இடத்துக்கு அட்டை சரியாக வருகிறது. பாதி திறந்து பாதி மூடிய இடம்தான் ஆபத்து. என் பின்வாசல் அந்த ரகம்.

கிள்ளான் அக்கா பைக்கனூர் பற்றிக் கேட்டார். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாஃபர் 2007 அக்டோபர் 10-இல் விண்ணுக்குப் போனது அங்கிருந்துதான். கஜகஸ்தான் நிலம், ரஷ்யா 2050 வரை குத்தகைக்கு வைத்திருக்கிறது, வருடத்துக்கு 115 மில்லியன் டாலர். பெயரே ஒரு வேலி: உண்மையான பைக்கனூர் ஊர் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. எதிரி தவறான இடத்தில் தேடட்டும் என்று வைத்த பெயர். 1957-இலேயே அமெரிக்க யு-2 உளவு விமானம் ரயில் பாதையைப் பின்தொடர்ந்து போய்ப் படம் எடுத்துவிட்டது. இவ்வளவு கனமான பொருளுக்கு ரயில் இல்லாமல் முடியாதே.

இன்னொன்றும் உண்டு, எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அங்கே கைவிடப்பட்ட கொட்டகையில் சோவியத் காலத்துப் பழைய புரான் விண்ணோடங்கள் தூசியோடு நிற்கின்றன. அதைப் பார்க்க இளைஞர்கள் திருட்டுத்தனமாக இரவில் பாலைவெளியில் நடந்து போகிறார்கள். படம் எடுத்துப் போடுகிறார்கள், அதைப் பார்த்து அடுத்தவர் கிளம்புகிறார். 2024 ஜூனில் ஒரு பிரெஞ்சு இளைஞர் பைக்கனூர் நோக்கி நடந்து, வழியிலேயே தண்ணீர் இல்லாமல் இறந்துபோனார். எந்தக் காவலாளியும் அவரைத் தடுக்கவில்லை. அங்கே நிலமே காவல், அது யாரையும் எச்சரிக்காது. இந்த இழையைப் படிக்கிற இளசுகள் யாருக்காவது அப்படி ஆசை இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

15 பிப்ரவரி
பினாங்கு பிறை ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை செய்யும் தம்பி, ஊர் நாகப்பட்டினம், அப்பா மீனவர், நீளமாக எழுதியிருக்கிறார். படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பழவேற்காட்டில் படகெல்லாம் கரையில் கிடந்ததை நான் ஏதோ கோவில் திருவிழா அமைதி மாதிரி எழுதிவிட்டேன். அது ஒரு நாள் கூலி இல்லாத அமைதி என்கிறார். ராக்கெட் மறுநாளைக்குத் தள்ளிப்போனால் மறுநாளும் அப்படித்தான். சந்திரயான்-2-ம் அப்படித்தான் தள்ளிப்போனது: ஜூலை 15 அதிகாலையில் ஏவ ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் போனது. நான் கண்ணீர் விட்ட அதே கரையில் நின்றவர்களுக்கு அது இரண்டாவது தடவை. இதை அன்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். வலை காய்ந்ததைப் பார்த்தேன், ஏன் காய்கிறது என்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்ததில் பிரெஞ்சு கயானாவின் கூரூ நினைவுக்கு வந்தது. நம் மலேசியச் செயற்கைக்கோள் மேசாட்-3டி 2022 ஜூன் 22-இல் போன இடம். அதே ராக்கெட்டில்தான் இந்தியாவின் ஜிசாட்-24-ம் போனது. அங்கே காவல் பிரெஞ்சு அந்நிய லீஜியன் படை. 2017 மார்ச்சில் உள்ளூர் மக்கள் தளத்துக்கு வெளியே சாலையை மறித்தார்கள். ஏரியான்-5 ராக்கெட்டைக் கொட்டகையிலிருந்து தளத்துக்கு நகர்த்தக்கூட முடியவில்லை. ஏப்ரலில் சிலர் மையத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் கேட்டது மருத்துவமனை, பள்ளிக்கூடம், தெருவில் பாதுகாப்பு. பக்கத்தில் இவ்வளவு பணம் வானத்துக்குப் போகிறது, எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை என்ற ஆத்திரம். மார்ச் 21-இல் போக வேண்டிய ராக்கெட் மே 4-இல் போனது, பிரான்ஸ் அரசு உடன்பாட்டுக்கு வந்த பிறகு. லீஜியன் இருந்தும் வாசல் வெளிப்பக்கத்திலிருந்து மூடப்பட்டது.

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே நேராகக் கடல். இலங்கையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, சின்ன ராக்கெட்டுக்கு எரிபொருள் மிச்சம். முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு கூட்டம் சேருகிற கடற்கரை அது. பக்கத்தில் எல்லாம் மீனவர் ஊர். அங்கே வேலி எங்கே வரும் என்பது வரைபடத்தில் தெரியும். கடலில் மூடும் நாட்களுக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்பதையும் அந்த வரைபடம் போடுகிற மேசையிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மூடுகிற நாட்களை முன்கூட்டிச் சொல்லுங்கள், தள்ளிப்போனால் அந்த நாளுக்கும் கணக்கு வையுங்கள். உள்ளே இருப்பவர்களை ஒருவர் விடாமல் எண்ணத் தெரிந்தவர்களுக்கு வெளியே காத்திருக்கும் படகுகளை எண்ணத் தெரியாதா?

நாகப்பட்டினம் தம்பி, அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

19 பிப்ரவரி
பட்டர்வொர்த் தம்பி ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் புதுக் கேள்வி: கணினி இல்லாத காலத்தில் எப்படி எண்ணினார்கள்?

ரொம்பச் சுலபமாக. ஆபத்தான இடத்துக்குள் போகிறவர் தன் அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கிக்கொண்டு போவார். வாசலில் மாட்டியிருக்கும் அட்டை உள்ளே இருக்கும் ஆள். திரும்பி வந்து மாற்றிக்கொண்டால் பலகை காலி. பலகை காலியாகாமல் அடுத்த வேலை தொடங்காது. ராக்கெட் தளத்திலும் இதுதான், சுரங்கத்திலும் இதுதான்.

எங்கள் அப்பாவும் இதைத்தான் செய்தார். பினாங்கு பெங்காலான் வெல்ட் பக்கம் ஒரு கிடங்கில் ஜாகா, அதாவது காவலாளி. ராத்திரி ரோந்துக்கு ஒவ்வொரு மூலையிலும் சங்கிலியில் தொங்கும் சாவியைக் காவல் கடிகாரத்தில் திருகிவிட்டு வருவார். பகலில் மூட்டை தூக்க வரும் ஆட்களுக்கு ஆணி அடித்த பலகை. ஓர் ஆளுக்கு ஒரு தகரத் துண்டு, நம்பர் குத்தியது. உள்ளே போகும்போது ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். மூட்டைச் சரிவில் ஒருவர் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க உள்ளே கிடந்ததாக அவருக்கு முன்னால் இருந்த ஜாகா சொன்னாராம். அதற்குப் பிறகு அப்பா பலகை காலியாகாமல் பூட்டுப் போட்டதே இல்லை. சோறு ஆறிப்போகும், அம்மா திட்டுவாள். பலகையில் ஒன்று தொங்கினால் வீட்டுக்கு வர மாட்டார்.

அக்கா வீட்டில் அவருடைய பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. நேற்று போய் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கோடு கோடாகப் போட்டு, கடைசி வரியில் ஒரே வாசகம், மை மங்கிப்போய்: உள்ளே யாரும் இல்லை. நோட்டுக்குள் ஒரு தகரத் துண்டும் இருந்தது, துளை கிழிந்தது, நம்பர் 61.

20 பிப்ரவரி
அக்கா போன் செய்தாள். நான் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். துளை மேலே வர வேண்டும். அது 61 இல்லை, 19. கிடங்கில் மொத்தம் நாற்பது ஆட்கள்தானாம். நோட்டில் 19-ஐத் தேடினேன். கிழிந்த அன்று அதற்குப் பதில் ஓர் அட்டையை வெட்டி ஆணியில் மாட்டியதாகக் குறித்திருக்கிறார். அன்றைக்கும் மாலைக் கோடு சரியாக விழுந்திருக்கிறது.